முதல் முறை இத்தாலி: எதை முதலில் வாங்குவது, எதை வாங்காமல் இருப்பது

கேள்வி: அக்டோபரில் ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் போக நினைக்கிறோம். நான், கணவர், 8 வயது மகள், 68 வயது மாமியார். மொத்தம் 9 இரவு. விமான டிக்கெட் இப்போது மலிவாகக் கிடைக்கிறது. உடனே போட்டுவிடலாமா, விசா கைக்கு வந்த பிறகுதான் போட வேண்டுமா?

பதில்: பணம் திரும்பி வராத டிக்கெட்டை விசாவுக்கு முன்னால் வாங்காதீர்கள். விண்ணப்பத்தோடு கேட்பது போக வர முன்பதிவு செய்ததற்கான சான்றுதான். இதை வைத்துத்தான் சில ஏஜென்ட்டுகள் ‘டம்மி டிக்கெட்’, அதாவது காட்டுவதற்கு மட்டுமான தற்காலிக முன்பதிவு, வியாபாரம் செய்கிறார்கள். அந்த பி.என்.ஆர். எண் சில நாளிலேயே காலாவதியாகிவிடும். உங்கள் கோப்பைப் பிரிக்கும் அன்று அது இல்லை என்றால் மற்ற காகிதங்கள் மேலும் சந்தேகம் விழும். கொஞ்சம் கூடக் கொடுத்து, ரத்து செய்யக்கூடிய டிக்கெட்டாகப் போடுங்கள். ஓட்டலும் அப்படியே.

ஷெங்கன் விசா (இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயது நிறையாத பிள்ளைகளுக்கு 45. ஆக உங்கள் வீட்டுக்கு 315 யூரோ. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தாலும் திரும்ப வராது. பயணத்துக்கு 6 மாதம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது மிச்சம் இருக்க வேண்டும். முடிவு சொல்ல 15 நாள் என்பது விதி. கூடுதலாக விசாரித்தால் 45 நாள் வரை போகும். அதனால் அக்டோபர் பயணத்துக்கு ஜூலையிலேயே அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுவது நல்லது.

பாஸ்போர்ட் 10 வருடத்துக்குள் கொடுத்ததாக இருக்க வேண்டும். திரும்பும் நாளுக்குப் பிறகு 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். 2 பக்கம் வெற்றாக இருக்க வேண்டும். இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும், போய் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் சேர்த்து. மாமியாரின் பாலிசியை மட்டும் தனியாக உட்கார்ந்து படியுங்கள். மேலே பெரிய தொகை போட்டுவிட்டு, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அறை வாடகை, அறுவை சிகிச்சை என்று ஒவ்வொன்றுக்கும் சின்ன உச்சவரம்பு வைக்கும் பாலிசிகள் உண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். க்ளைம் நிராகரிக்கப்படும் இடம் பெரும்பாலும் அதுதான்.

இன்னொன்று: ரோமில் இறங்கி வெனிஸிலிருந்து கிளம்புகிற மாதிரி ‘மல்டி சிட்டி’ டிக்கெட் தேடுங்கள். ரோம் போய் ரோமிலிருந்தே திரும்பினால், வெனிஸிலிருந்து ரோமுக்கு நால்வருக்கும் ரயில் செலவு, அரை நாள் இழப்பு.

கேள்வி: ரயில் டிக்கெட்டை இங்கிருந்தே வாங்க வேண்டுமா? யூரெயில் பாஸ் (பல ரயில் பயணங்களுக்கு ஒரே டிக்கெட்) எடுத்தால் லாபம் என்கிறார்களே?

பதில்: இரண்டே இரண்டு நீண்ட பயணத்துக்குப் பாஸ் வீண். பாஸ் இருந்தாலும் அதிவேக ரயிலில் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

இத்தாலியில் ரயில் இரண்டு சாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோம்–ஃப்ளாரன்ஸ் சுமார் ஒன்றரை மணி நேரம், ஃப்ளாரன்ஸ்–வெனிஸ் சுமார் இரண்டேகால் மணி நேரம் ஓடும் அதிவேக ரயில்கள் ஒன்று. அரசு நிறுவனம் டிரெனிடாலியா, தனியார் நிறுவனம் இத்தாலோ, இரண்டும் ஓட்டுகின்றன. இவற்றின் விலை விமான டிக்கெட் மாதிரி, நாள் நெருங்க நெருங்க ஏறும். விசா வந்த அன்றே இரண்டு நிறுவனங்களின் விலையையும் ஒப்பிட்டு வாங்கிவிடுங்கள். மிக மலிவான வகையில் பெரும்பாலும் மாற்றவோ பணம் திரும்ப வாங்கவோ முடியாது. அடுத்த படியின் நிபந்தனையையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று ‘ரெஜியோனாலே’ என்ற உள்ளூர் ரயில். ஃப்ளாரன்ஸிலிருந்து பீசா போய்வர இதுதான். இதன் விலை மாறாது, முன்கூட்டி வாங்கினாலும் சல்லிக்காசு மிச்சமில்லை. ஆனால் புதிதாகப் போகிறவர்கள் அபராதம் கட்டுவது இதில்தான். கவுன்ட்டரில் வாங்கிய காகித டிக்கெட்டோடு அப்படியே ஏறக் கூடாது. நடைமேடைக்குப் போகும் வழியில், சுவரிலோ தூணிலோ ஒரு சிறு பெட்டி மாட்டியிருக்கும். அதன் வாயில் டிக்கெட்டின் முனையைச் செருகினால் தேதியும் நேரமும் அச்சாகும். எழுத்து மங்கலாக இருந்தால் அடுத்த பெட்டியில் மறுபடி செருகுங்கள். முத்திரை இல்லாத டிக்கெட்டை நாளைக்கும் பயன்படுத்தலாம் அல்லவா, அதனால்தான் இந்தக் கெடுபிடி. போனில் வாங்கினால் பெட்டி வேண்டாம், ஏறுமுன் ‘செக்-இன்’ பொத்தானை அழுத்த வேண்டும்.

நிலையத்தின் பெயரைப் பார்த்து வாங்குங்கள். வெனிஸ் தீவுக்குள் இருப்பது ‘சாந்தா லுச்சியா’. ‘மெஸ்த்ரே’ என்றால் பாலத்துக்கு இந்தப் பக்கம், நிலத்தில். மெஸ்த்ரேயில் ஓட்டல் மலிவு, உள்ளே போக ரயிலில் 10 நிமிடம். மாமியாரை நினைத்தால் அதுவே நல்லது: தீவுக்குள் ஓட்டல் எடுத்தால் படிக்கட்டுப் பாலங்களில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்க வேண்டும்.

‘ஷோபெரோ’ என்று எங்காவது அறிவிப்பு பார்த்தால் அது வேலைநிறுத்தம். வார நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை குறிப்பிட்ட உள்ளூர் ரயில்கள் கட்டாயம் ஓடும்.

கேள்வி: கொலோசியம் டிக்கெட் ஒரு தளத்தில் 18 யூரோ, இன்னொன்றில் 45. எது உண்மை?

பதில்: 18 தான் அரசு விலை. 45 என்பது வழிகாட்டியோடு சேர்த்ததாக இருக்கலாம், அதே டிக்கெட்டை லாபம் வைத்து விற்பதாகவும் இருக்கலாம். தேடலில் முதலில் வருவது விளம்பரம் என்பதை மறக்காதீர்கள். அதிகாரபூர்வ விற்பனை 30 நாளுக்கு முன்புதான் திறக்கும். அதற்கு முன்பே ‘உறுதி’ என்று விற்பவர் இன்னும் கையில் இல்லாததை விற்கிறார். டிக்கெட்டில் பெயர் இருக்கும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். எனவே இனிஷியலை விரித்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே அடியுங்கள்.

அரசு அருங்காட்சியகங்களில் 18 வயதுக்குக் கீழ் இலவசம், எந்த நாட்டுப் பிள்ளையானாலும் சரி. ஆனால் மகளுக்கும் பூஜ்ய விலை டிக்கெட் ஒன்று பதிவு செய்துகொள்ளுங்கள். வத்திக்கான் தனி நாடு, அங்கே இந்தச் சலுகை இல்லை. வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். ஃப்ளாரன்ஸின் உஃபீசி அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. இந்த இரண்டையும் வைத்து நாட்களை அடுக்கினால் பாதித் திட்டம் தானாக முடியும்.

கேள்வி: போய்வந்த நண்பருக்குச் சாப்பிட்ட ஓட்டலின் பில்லில் கேட்காத 10 யூரோ, தங்கிய இடத்தில் கடைசி நாள் 70 யூரோவுக்கு மேல் கேட்டார்களாம். ஏமாற்றா?

பதில்: பெரும்பாலும் இல்லை. முதலாவது ‘கோபெர்தோ’. மேஜையில் உட்கார்ந்ததற்கும் ரொட்டிக்குமாக ஒரு தலைக்கு 1 முதல் 3 யூரோ. மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். அங்கேயும் இல்லையென்றால் தாராளமாகக் கேட்கலாம். இது இருப்பதால் டிப்ஸ் கட்டாயமில்லை. காபிக்கும் இரண்டு விலை: கவுன்ட்டரில் நின்று குடித்தால் ஒன்று, மேஜையில் உட்கார்ந்தால் இன்னொன்று. சுற்றுலாச் சதுக்கத்தில் மேஜை விலை பல மடங்காகும்.

நிஜமாகவே கவனிக்க வேண்டியது மீனும் மாட்டிறைச்சி ஸ்டேக்கும். ‘எத்தோ’ என்று போட்டிருந்தால் 100 கிராம் விலை. 7 யூரோ என்று நினைத்த மீன் 600 கிராம் இருந்தால் 42 யூரோ. எடை போட்டுக் காட்டச் சொல்லிவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

இரண்டாவது நகர வரி. இணையத்தில் கட்டிய அறை வாடகையில் பெரும்பாலும் இது சேராது. ரோமில் 3 நட்சத்திர ஓட்டலுக்கு ஒருவருக்கு ஓர் இரவு 6 யூரோ. பெரியவர் மூவர், 4 இரவு என்றால் 72. 10 வயதுக்குக் கீழ் கிடையாது, மகளுக்குக் கேட்டால் சொல்லுங்கள்.

ரோமில் தண்ணீர் பாட்டிலுக்குச் செலவு வேண்டாம். தெருவெங்கும் ‘நசோனே’, அதாவது பெருமூக்கன், என்ற இரும்புக் குழாய்களில் நல்ல குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலுள்ள ஓட்டையிலிருந்து தண்ணீர் வளைந்து பீறிடும், குனியாமல் குடிக்கலாம். மகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டாள்.

கேள்வி: மாமியார் முட்டைகூடத் தொடமாட்டார். என்ன சாப்பிடுவது?

பதில்: ‘சைவம்’ என்று சொன்னால் போதாது. ரிசோத்தோ என்ற அரிசி உணவில் இறைச்சி வேகவைத்த சாறு சேர்வதுண்டு, சில ரொட்டிகளில் பன்றிக் கொழுப்பு. புத்தனேஸ்கா சாஸில் நெத்திலி மாதிரியான சிறு மீன். பார்மிஜானோ சீஸ் கன்றின் வயிற்றுச் சுரப்பால் உறைய வைத்தது, அதைத் தவிர்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். புது பாஸ்தாவில் முட்டை உண்டு, காய்ந்த ஸ்பகெத்தியில் சாதாரணமாக இல்லை. நம்பிக் கேட்கக்கூடியது மரினாரா பீட்சா: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், சீஸே கிடையாது. ஸ்பகெத்தி ‘ஆலியோ ஏ ஓலியோ’ என்றால் பூண்டும் எண்ணெயும். மேலே சீஸ் தூவ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே ‘பெப்பெரோனி’ என்றால் இறைச்சித் துண்டு அல்ல, குடைமிளகாய், பயப்பட வேண்டாம். மதியம் இரண்டரைக்கு அடுப்பை அணைத்தால் இரவு ஏழு, ஏழரைக்குத்தான் திறப்பார்கள். கைப்பையில் ஏதாவது இருக்கட்டும்.

கேள்வி: நம் சார்ஜர் வேலை செய்யுமா?

பதில்: ஒல்லியான இரண்டு முள் போன் சார்ஜர் நேராகவே செருகும். லேப்டாப்பின் தடித்த மூன்று முள் செருகாது, அடாப்டர் வேண்டும். மின்னழுத்தம் நம்மைப் போல 230 வோல்ட்தான்.

கேள்வி: ஃப்ளாரன்ஸில் 300 யூரோவுக்குத் தோல் பை வாங்கினால் 22 சதவீத வரி திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், ஆனால் 66 யூரோ அல்ல. விலைக்குள்ளேயே வரி அடங்கியிருப்பதால் வரிப் பகுதி சுமார் 54 யூரோ. நடுவில் இருக்கும் நிறுவனத்தின் கமிஷன் போகக் கைக்கு வருவது இன்னும் குறைவு. ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும்; 2024 பிப்ரவரிக்கு முன் இது சுமார் 155 ஆக இருந்தது, பழைய குறிப்புகளை நம்பாதீர்கள். பணம் கட்டும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டி ‘டாக்ஸ் ஃப்ரீ’ படிவம் வாங்க வேண்டும், பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம். வளைகுடா வழியாகத் திரும்புவதானால் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் இடம் வெனிஸ் விமான நிலையம், சுங்க ஒப்புதல் அங்கேதான். பையைப் பெரிய பெட்டிக்குள் வைத்து செக்-இன்னில் கொடுத்துவிட்டு அதிகாரியிடம் போனால் காட்ட ஒன்றும் இருக்காது. முதலில் சுங்கம், பிறகு பெட்டி. பை பயன்படுத்தாததாக, சீட்டோடு இருக்கட்டும்.

அதே பையின் ‘பிராண்ட்’ நகல் நடைபாதையில் 25 யூரோவுக்குக் கிடைக்கும். இத்தாலியில் போலிப் பொருளை விற்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் 7,000 யூரோ வரை அபராதம் போடச் சட்டம் உண்டு. கடையில் கார்டு தேய்க்கும்போது ‘ரூபாயா, யூரோவா’ என்று இயந்திரம் கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதம் அவர்கள் வைத்ததுதான்.