ஒரே வாசகம், பதினொரு கையெழுத்து

வணக்கம்.

கோவைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் நானும் உறுப்பினர். சென்ற மாதம் ஓர் இரவு விடுதி மெஸ்ஸில் அடிதடி. ஒரு மாணவனுக்குத் தலையில் தையல் போட வேண்டியதாயிற்று. மறுநாள் காலை பதினொரு பேரை நிற்க வைத்து, அலுவலகத்தில் அச்சடித்த மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினோம். இரண்டு வாரம் சஸ்பெண்ட். மூன்று பேர் அந்த நேரத்தில் மெஸ்ஸிலேயே இல்லை என்று அழுதார்கள். யாரும் காது கொடுக்கவில்லை, நானும்தான். உத்தரவில் என் கையெழுத்தும் இருக்கிறது. பிறகு ஒரு மூத்த பேராசிரியரிடம் சொன்னேன். "ஒவ்வொருத்தனையும் விசாரிக்க இது என்ன கோர்ட்டா? கண்டிப்பு இல்லாவிட்டால் நாளைக்கு நம்மையே அடிப்பான்" என்றார். அதிலும் நியாயம் இருப்பதுபோல் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த மூன்று பேர் நின்ற இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். விடுதியில் ஜன்னல் கண்ணாடிகள் உடைந்த இரவு நான் ஊரில் இருந்தேன். பஸ் டிக்கெட் சட்டைப் பையிலேயே இருந்தது, எடுத்துக் காட்ட விடவில்லை. "எழுதிக் கொடுத்துவிடு, இல்லாவிட்டால் டிசி" என்றார் வார்டன். எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்த அப்பா என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கல்லூரியே சொல்லிவிட்ட பிறகு என்ன கேட்பது என்று நினைத்திருப்பார். அபராதம் எவ்வளவு கட்டினோம் என்பது மறந்துவிட்டது. அப்பாவின் முகம் மறக்கவில்லை.

உங்கள் மூத்த பேராசிரியரின் கேள்விக்கு 1973லேயே பதில் இருக்கிறது. ராஞ்சியில் ஒரு மருத்துவக் கல்லூரி. மாணவிகள் விடுதிக்குள் இரவில் நுழைந்து அத்துமீறியதாக நான்கு மாணவர்கள் மீது புகார். முதல்வர் விசாரணைக் குழு அமைத்தார். மாணவிகளின் வாக்குமூலத்தை அந்த மாணவர்கள் இல்லாதபோது வாங்கினார்கள். வேறு மாணவர்களின் படங்களோடு கலந்து காட்டி அடையாளம் கேட்டார்கள். அதன் பிறகு நான்கு பேரையும் கூப்பிட்டு, குற்றச்சாட்டு இதுதான் என்று சொல்லி விளக்கம் வாங்கினார்கள். அப்புறம்தான் வெளியேற்றினார்கள். குறுக்கு விசாரணை செய்ய விடவில்லை என்று அந்த மாணவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். கல்லூரி செய்தது சரி என்றது நீதிமன்றம். புகார் கொடுத்த பெண்களை அவர்கள் முன்னால் நிறுத்தச் சட்டம் கேட்கவில்லை.

ஆக, கோர்ட் வேண்டாம். குற்றம் என்ன என்று சொல்ல வேண்டும், பதிலைக் கேட்க வேண்டும், கேட்ட பிறகு முடிவெடுக்க வேண்டும். அவ்வளவுதான். பதினொரு பேருக்கு ஒரு பிற்பகல் போதும். அந்தப் பிற்பகலைக் கொடுக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் தீர்ப்பு இருக்கிறது. உத்தரப்பிரதேசத் தேர்வு வாரியம் முறைகேடு என்று சொல்லி, மாணவர்களை ஒரு வார்த்தை கேட்காமலேயே தேர்வு முடிவை ரத்து செய்தது. அது செல்லாது என்று 1962ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். 1996ல் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டது நமக்கு மறக்கக்கூடியதா? அடுத்த ஆண்டே தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. புகார் வந்தால் கல்லூரித் தலைவர் உடனே விசாரிக்க வேண்டும், முகாந்திரம் இருந்தால் சஸ்பெண்ட் செய்து புகாரைக் காவல்துறைக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. அத்தனை கோபத்தில் பிறந்த சட்டம்கூட, சஸ்பெண்டுக்கு முன்னால் விசாரணையை வைத்திருக்கிறது, பாருங்கள்.

ஆனால் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2009 ராகிங் விதிகளில், செய்தவர் யாரென்று தெரியாவிட்டால் கூட்டாகத் தண்டிக்க வேண்டும் என்று ஓர் இடம் வருகிறது. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. கூட்டுத் தண்டனையில் உண்மையாக அடித்தவனுக்குத்தான் லாபம். பதினொன்றில் ஒருவனாக ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கிறது. உங்கள் மெஸ்ஸில் நடந்ததும் அதுதான். தலையை உடைத்தவனுக்கும், அறையில் படித்துக்கொண்டிருந்தவனுக்கும் ஒரே இரண்டு வாரம். அடிபட்ட பையனுக்கு இதில் என்ன நியாயம் கிடைத்தது? அவனை அடித்தது யார் என்று உங்கள் கோப்பில் எங்காவது இருக்கிறதா?

சரி, இப்போது செய்யக்கூடியது. குழுவைத் திரும்பக் கூட்டச் சொல்லி முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள். வாய்வார்த்தை போதாது. மெஸ் கேமரா பதிவு சில வாரங்களில் அழிந்துவிடும், அதை முதலில் எடுத்து வையுங்கள். சஸ்பெண்ட் நாட்களில் அந்த மூன்று பேருக்குப் போன இன்டர்னல் தேர்வும் வருகைப் பதிவும் திரும்பக் கிடைக்க வேண்டும். டிசியில் நடத்தை என்று ஒரு கட்டம் இருக்கிறதல்லவா, அதில் இந்தச் சம்பவத்தின் நிழல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரி அசையவில்லை என்றால், மாணவர் குறைதீர்ப்புக் குழு என்று ஒன்று இருப்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். யுஜிசியின் 2023 விதிகளின்படி அது இருந்தே ஆக வேண்டும். அதன் முடிவு சரியில்லை என்றால் மேலே முறையிடவும் வழி உண்டு.

இதற்கெல்லாம் முன்னால் அந்த மூன்று பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். அன்று இரவு எங்கே இருந்தாய் என்று கேளுங்கள். பிறகு அவர்கள் வீட்டுக்கும் நீங்களே போன் செய்யுங்கள்.