வாசகர் கேள்வி-பதில்: கத்தி இறங்குவதற்கு முந்தைய கணம்

கேள்வி: ஆயிரம் பக்க மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல்களை விரும்பிப் படிக்கும் என் மகள், அண்மைக் காலமாக ஓவியங்களோடு வரும் இருண்ட தேவதைக் கதைத் தொகுப்புகளையே தேடித் தேடி வாங்குகிறாள். நான்கு பக்கக் கதையில் அவளைப் போன்றவர்களுக்கு அப்படி என்ன கிடைக்கிறது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பெரிய நாவல் எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறது. அதில் மந்திரத்துக்கு விதிகள் உண்டு. அரச வம்சத்துக்கு வரலாறு உண்டு. முதல் பக்கத்திலேயே நிலப்படமும் இருக்கும். தேவதைக் கதை எதையும் விளக்குவதில்லை. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் தொகுத்த கையிழந்த பெண்ணின் கதையில், சாத்தானுக்கு அஞ்சிய தந்தை தம் மகளின் இரு கைகளையும் வெட்டுகிறார்; அவளும் 'நான் உங்கள் பிள்ளை, உங்கள் விருப்பப்படி செய்யுங்கள்' என்று கைகளை நீட்டுகிறாள். வெட்டுப்பட்ட கணத்தின் வலியைப் பற்றிக் கதை ஒரு சொல்லும் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறது. இக்கதைகளின் மாந்தர்களுக்கு உடலின் ஆழமோ மனத்தின் ஆழமோ கிடையாது என்பதைக் குறையாகக் கருதாமல், இவ்வகைக் கதைகளின் இலக்கணமாகவே விளக்கியவர் சுவிட்சர்லாந்து அறிஞர் மாக்ஸ் லூதி. சொல்லாமல் விட்ட அந்த இடத்தில்தான் வாசகரின் கற்பனை குடியேறுகிறது. விளக்கங்களில் ஊறிய மிகுபுனைவு வாசகருக்கு இந்த மௌனம் பெரிய விடுதலை.

அப்படியானால் ஓவியம் அந்த மௌனத்தைக் கெடுத்துவிடாதா என்று தாங்கள் கேட்கலாம். மோசமான ஓவியம் கெடுக்கும். நல்ல ஓவியர் எங்கே நிறுத்திக்கொள்கிறார் என்பதற்கு, பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பெரோ 1697இல் வெளியிட்ட கதைகளுக்கு அந்நாட்டு ஓவியர் குஸ்தாவ் தோரே வரைந்து 1862இல் பாரிஸில் வெளிவந்த பதிப்பைப் பார்க்க வேண்டும். கட்டைவிரல் அளவே இருந்த சிறுவனின் கதையில், இருட்டில் ஏமாந்துபோன அரக்கன் தன் ஏழு பெண்களையே கொன்றுவிடுகிறான். தோரே கொலையை வரையவில்லை. உறங்கும் பெண்கள்மீது கத்தியோடு குனிந்திருக்கும் அரக்கனை வரைந்தார். அடுத்த நொடியை நாமே வரைந்துகொள்கிறோம், பல ஆண்டுகள் அது நம்மோடு இருக்கிறது.

தோரேயின் படங்களை மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட முறையும் இதற்குத் துணை நின்றது. மரச்செதுக்கில் செதுக்காமல் விட்ட இடம் கறுப்பாகவும் செதுக்கிய கோடு வெள்ளையாகவும் பதியும். அதாவது, இருள் முதலிலேயே அங்கே இருக்கிறது, வெளிச்சத்தைத்தான் கலைஞர்கள் கோடு கோடாகச் சுரண்டி எடுக்க வேண்டும். ஆங்கிலேய ஓவியர் ஆர்தர் ராக்கம் வந்தபோது வண்ண அச்சு வளர்ந்திருந்தது. 1909இல் வெளிவந்த அவரது கிரிம் பதிப்பில் 40 வண்ணப் படங்கள் உண்டு. ஆனாலும் அவர் பளிச்சென்ற நிறங்களை நாடாமல், பழுப்பேறிய மெல்லிய வண்ணங்களுக்கு மேலே பேனாக் கோடுகளையே நம்பினார். அவருடைய மரங்களின் வேர்களும் கிளைகளும் முதிய விரல்களைப் போல வளைந்து நீளும். அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த, வேதாளத்தைத் தோளில் சுமந்து நடக்கும் விக்கிரமாதித்தனைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஒரே படம் ஒரு கதையுலகம் முழுவதற்கும் வாசலாக முடியும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: பழைய கதைகள் மென்மையானவை என்றும், இக்காலத் தொகுப்புகள்தான் குரூரத்தைச் சேர்க்கின்றன என்றும் என் நண்பர் வாதிடுகிறார். உண்மையா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உண்மை ஏறத்தாழ நேர்மாறானது. கிரிம் சகோதரர்களின் முதல் தொகுதி 1812இல் வந்தது. இறுதித் திருத்தம் 1857இல். முதற்பதிப்பில் பனிவெண்மை என்ற சிறுமியைக் கொல்லச் சொல்பவள் பெற்ற தாய். 1819இல்தான் அவள் மாற்றாந்தாய் ஆனாள். கோபுரத்தில் அடைபட்ட ராபுன்செல் தன் ஆடை இறுகிப்போனதாகச் சொல்லித் தான் கருவுற்றதை அறியாமலே வெளிப்படுத்தும் இடமும் பின்னர் நீக்கப்பட்டது. ஆனால், சிண்ட்ரெல்லாவின் சகோதரிகளுடைய கண்களைப் புறாக்கள் கொத்திப் பிடுங்கும் முடிவு முதற்பதிப்பில் இல்லை, பிறகு சேர்க்கப்பட்டது. தாயின் கொடுமையையும் உடலின் உண்மையையும் மறைத்தவர்கள், தண்டனையின் கொடுமையை வளர்த்தார்கள். அந்த வகையில், முதற்பதிப்பை நாடிச் செல்லும் இன்றைய இருண்ட தொகுப்புகளை நான் மனமார வரவேற்கிறேன்.

கேள்வி: ஒரு தொகுப்பு நல்லதா என்று கடையில் நின்றபடியே எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், மதுரை

பதில்: எந்தப் பதிப்பிலிருந்து மொழிபெயர்க்கப்பட்டது என்று முன்னுரையில் பாருங்கள். பெரோவின் கதைகளாக இருந்தால் நேரே நீலத்தாடிக்காரன் கதைக்குப் போங்கள். மனைவியிடம் சாவியைக் கொடுத்து, ஓர் அறையை மட்டும் திறக்கக் கூடாது என்று கணவன் எச்சரிக்கும் கதை அது. முன்னாள் மனைவியரின் பிணங்கள் கிடக்கும் அறையை ஓவியர் முழுப் பக்கத்துக்கு வரைந்திருந்தால், நானாக இருந்தால் புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன். தோரே வரைந்தது, விழிகள் பிதுங்க விரல் உயர்த்தி எச்சரித்தபடி சாவியை நீட்டும் கணவனை. பக்கத்தில் நிற்கும் இளம் மனைவியோ சாவியை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.