அந்த வசனம் யாருக்குச் சொன்னது?

கேள்வி: என் அக்கா கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கும் வேலைக்குப் போகிறாள். மாமா தினமும் குடித்துவிட்டு அடிக்கிறார். அம்மா வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டதற்கு, "தேவன் இணைத்ததை மனுஷன் பிரிக்காதிருக்கக்கடவன். நீ அவன் விலா எலும்பு, பொறுத்துப் போ" என்கிறார்கள் சபைப் பெரியவர்கள். வேதம் அப்படித்தான் சொல்கிறதா?
- பெயர் வேண்டாம், நீலகிரி

பதில்: இல்லை, சகோதரி. அந்த வசனம் வரும் மத்தேயு 19-ஐ மூன்றாம் வசனத்திலிருந்து வாசியுங்கள். மனைவியை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிவிடலாமா என்று கேட்டு வந்தவர்கள் பரிசேயர் என்ற யூத மதப் பிரிவினர், ஆண்கள். சாப்பாட்டைக் கெடுத்துவிட்டாள் என்றாலே தள்ளுதற்சீட்டு, அதாவது விவாகரத்துச் சீட்டு, எழுதிவிடலாம் என்று வாதிட்ட யூத போதகர்கள் இருந்த காலம் அது. அவர்களுக்குத்தான் இயேசு ஆதியாகமத்தைத் திறந்து காட்டினார். 'உங்கள் இருதய கடினத்தினிமித்தம்' மனைவியைத் தள்ளிவிட மோசே இடங்கொடுத்தார் என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஆணின் கையைக் கட்டச் சொன்ன வார்த்தையை எடுத்து உங்கள் அக்காவின் காலில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

படைப்புக்கு வருவோம். ஏவாளை 'ஏற்ற துணை' என்கிறது ஆதியாகமம் 2:18. அந்தத் துணைக்கு எபிரெயச் சொல் ஏசேர். 'எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக' என்று மலைக்காரர்கள் நாம் மனப்பாடமாகச் சொல்கிறோமே 121-ஆம் சங்கீதம், அந்த ஒத்தாசையும் இதே சொல்தான். அங்கே அது கர்த்தர் தரும் உதவி. அடிமை என்ற பொருள் அதில் எங்கே இருக்கிறது?

குளிருக்குக் கட்டிய மஃப்ளரைக் கன்னம்வரை இழுத்துவிட்டு ஆராதனைக்கு வரும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஜெபத்துக்குக் குனியும்போது துணி விலகும், கண்ணோரம் கன்றிப்போனது தெரியும். 'தள்ளிவிடுதலை நான் வெறுக்கிறேன்' என்ற மல்கியா 2:16-ஐப் பெரியவர்கள் அடிக்கடி சொல்வார்கள். அதே வசனம், 'கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறான்' என்று புருஷனைக் கண்டிப்பதையும் சேர்த்து வாசிக்கட்டும்.

விவாகரத்து விஷயத்தில் சபைகளுக்குள் ஒரே கருத்து இல்லை. சரி, அதை இன்றைக்கே முடிவு செய்ய வேண்டியதில்லை. பிரியக்கூடாது என்று எழுதிய கையோடு, 'பிரிந்துபோனால்' என்றும் எழுதுகிறார் பவுல் (1 கொரிந்தியர் 7:11): தனித்திருக்கட்டும், இல்லையென்றால் ஒப்புரவாகட்டும். அடி வாங்கிக்கொண்டு கிடக்கட்டும் என்று அவர் எழுதவில்லை.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி, விவாகரத்து கேட்காமலே பாதுகாப்பு உத்தரவு வாங்க முடியும். பெண்கள் உதவி எண் 181. முதலில் அக்காவை அம்மா வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். பெரியவர்களைப் பார்க்கப் போகும்போது பைபிளையும் எடுத்துக்கொண்டு நீங்களும் கூடப் போங்கள்.