350 எஞ்சினுக்கு 850 கார்புரேட்டர் எதற்கு?

கேள்வி: என்னிடம் 1974 மாடல் செவ்ரலே சி10 பிக்கப் இருக்கிறது. 350 கன அங்குல வி8 எஞ்சின், டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். கொஞ்சம் பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), டூயல் பிளேன் அலுமினிய மேனிஃபோல்ட் (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுப்பது), ஹெடர்ஸ் (புகை வெளியேறும் குழாய்கள்) எல்லாம் போட்டிருக்கிறேன். “இந்த எஞ்சினுக்குப் பழைய கார்புரேட்டரின் காற்று போதாது” என்று சொல்லி, கடைக்காரர் 750 சிஎஃப்எம் டபுள் பம்பர் கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தார். அன்று முதல் சிக்னலில் எடுக்கும்போது வண்டி முக்குகிறது, பெட்ரோலும் கண்டபடி குடிக்கிறது. போய்க் கேட்டால், 850 போட்டால் சரியாகிவிடும் என்கிறார். ஊருக்குள்ளும் ஃப்ரீவேயிலும்தான் ஓட்டுகிறேன். எப்போதாவது ஒரு சின்னப் படகை இழுத்துப் போவேன். எந்த சைஸ் சரி?
வாசகர், ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

பதில்: 850 வேண்டவே வேண்டாம். மாட்டியிருக்கும் 750 டபுள் பம்பரும் உங்கள் வண்டிக்கு உரியதல்ல. வேக்கம் செகண்டரி உள்ள, அதாவது நாலு வாயில் பின் இரண்டும் எஞ்சினின் உறிஞ்சலாலேயே திறக்கும் 600 சிஎஃப்எம் போதும், தாராளமாகவே போதும். ஆனால் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு முன் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். வண்டியோடு வந்த பழைய கார்புரேட்டர் இப்போது யாரிடம் இருக்கிறது? அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கணக்கு. சிஎஃப்எம் என்பது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று போகும் என்ற அளவு. எஞ்சினின் கன அங்குலத்தை ஆர்பிஎம்மால் பெருக்கி 3456-ஆல் வகுத்தால் எஞ்சின் கேட்கும் காற்று வந்துவிடும். 350-ஐ 5500-ஆல் பெருக்கி வகுத்தால் 557. சாதாரணமாகத் தெருவில் ஓடும் எஞ்சின் சிலிண்டரை நூற்றுக்கு நூறு நிரப்பாது. உங்களுடையதற்கு 85 சதவீதம் என்று வைத்தால் 473. இது 5500 ஆர்பிஎம்மில், ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தி மிதித்திருக்கும்போது. அப்படி எத்தனை முறை மிதிப்பீர்கள்? பின் ஆக்சிலில் 3.08 கியரும் 28 அங்குல டயரும் இருந்தால், மணிக்கு 65 மைலில் எஞ்சின் சுமார் 2400 ஆர்பிஎம்தான் சுற்றும். அங்கே முழுக்க மிதித்தாலும் இருநூற்றுச் சொச்சம் சிஎஃப்எம்முக்கு மேல் அது கேட்காது. நாளைக்கே எஞ்சினை 383 கன அங்குல ஸ்ட்ரோக்கராகப் பெரிதாக்கினாலும் இதே கணக்கில் 520-ஐத் தாண்டாது. 850 எங்கிருந்து வந்தது என்று கடைக்காரர்தான் சொல்ல வேண்டும்.

சரி, பெரிதாக இருந்தால் என்ன கெட்டுப்போகும்? கார்புரேட்டர் பெட்ரோலைத் தள்ளுவதில்லை. குறுகிய கழுத்து வழியாகக் காற்று வேகமாகப் போகும்போது அழுத்தம் குறைந்து, பெட்ரோல் தானாக உறிஞ்சப்பட்டுத் தூளாகப் பறக்கிறது. குழாய் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் எப்படிச் சீறுமோ, அந்த வேகம் இங்கேயும் வேண்டும். கழுத்து அகலமானால் குறைந்த ஆர்பிஎம்மில் காற்று சோம்பிவிடும், பெட்ரோல் சரியாக எழாது. நீங்கள் சொல்லும் முக்கல் அதுதான். அதை மறைக்கக் கடைக்காரர் ஜெட்டை (பெட்ரோல் வரும் துளை) பெரிதாக்குவார், பம்ப் ஷாட்டை (மிதித்தவுடன் பீய்ச்சும் பெட்ரோல்) கூட்டுவார். முக்கல் கொஞ்சம் குறையும். பெட்ரோல் செலவு ஏறும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், கரி பூசியிருந்தால் நான் சொல்வது நடந்திருக்கிறது. ஆயில் டிப்ஸ்டிக்கை முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் எஞ்சின் ஆயிலை உடனே மாற்றிவிடுங்கள், ஏனென்றால் அது சிலிண்டர் சுவரிலிருந்து ஆயிலைக் கழுவி இறக்கிக்கொண்டிருக்கிறது.

டபுள் பம்பர் மோசமான சாமான் இல்லை. எடை குறைந்த கார், கையால் மாற்றும் கியர், கொஞ்சம் முரட்டு கேம் என்றால் அருமையாக வேலை செய்யும். அதில் பின் இரண்டு வாயும் ஆக்சிலேட்டரோடு இணைத்த கம்பியால் திறக்கின்றன. எஞ்சின் தயாரா என்று அது கேட்பதில்லை. கனமான பிக்கப், ஆட்டோமேட்டிக், பின்னால் படகு என்று வரும்போது அந்த அவசரம் எஞ்சினுக்கு ஒத்துவராது.

இன்னொன்றும் காட்டுவார்கள்: டைனோ தாள், அதாவது எஞ்சினின் திறனை மெஷினில் அளந்து அச்சடித்த தாள். “பாருங்கள் சார், 600-ஐவிட 750-இல் குதிரைத்திறன் கூட வருகிறது.” வரும், பொய் இல்லை. ஆனால் அந்தத் தாளில் எஞ்சின் முழுத் திராட்டிலில், அதாவது ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து, 3000 ஆர்பிஎம்முக்கு மேலே ஓடுகிறது. நீங்கள் 3000-க்குக் கீழே வாழ்கிறீர்கள். அந்தப் பகுதியை யாரும் அச்சடித்துக் காட்டுவதில்லை.

ஆன்லைனில் தேடினால் மலிவாக 500 சிஎஃப்எம் இரண்டு பாரல் (இரண்டு வாய்) கார்புரேட்டர் ஒன்று கண்ணில் படும். 600-க்குப் பக்கத்தில்தானே என்று தோன்றும். இல்லை. நாலு பாரலை 1.5 அங்குல பாதரச அழுத்த வித்தியாசத்தில் அளக்கிறார்கள், இரண்டு பாரலை 3 அங்குலத்தில். ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தால் அந்த 500 வெறும் 350-சொச்சம்தான்.

இப்போது பழைய கார்புரேட்டருக்கு வருகிறேன். 1974-இல் நாலு பாரலோடு வந்த சி10 என்றால் அதில் ரோச்செஸ்டர் க்வாட்ராஜெட் இருந்திருக்கும். அதன் அளவும் 750 சிஎஃப்எம் என்று படித்துவிட்டு “அப்படியானால் 750 சரிதானே” என்று நீங்கள் என்னிடம் சண்டைக்கு வரலாம், நியாயம். ஆனால் எண் ஒன்றானாலும் சாமான் வேறு. க்வாட்ராஜெட்டின் முன்னால் இரண்டு சின்ன வாய், ஒவ்வொன்றும் 1 3/8 அங்குலம். பின்னால் இரண்டு பெரிய வாய், ஒவ்வொன்றும் 2 1/4 அங்குலம். நாள் முழுக்க ஊருக்குள் ஓட்டினாலும் வேலை பார்ப்பது முன்னிரண்டு சின்ன வாய்தான். அதனால் காற்று வேகமாகவே போகும், மிதித்தவுடன் பதில் வரும், பெட்ரோலும் அளவோடு போகும். அழுத்தி மிதித்தால் பின் வாய்களின் அடியில் உள்ள தகடு திறக்கும். அவற்றின் தலைமேல் ஸ்பிரிங்கில் நிற்கும் இன்னொரு தகடும் உண்டு, ஏர் வால்வு. எஞ்சின் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுக்குத்தான் அது சாயும். 400 இழுத்தால் 400-க்கு, 500 இழுத்தால் 500-க்கு. 750 என்பது அதன் உச்சவரம்பு, அவ்வளவே. ஜெனரல் மோட்டார்ஸ் 1965 முதல் இதைப் போட ஆரம்பித்து, பான்டியாக்கின் 230 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சினிலும் வைத்தது, 455 வி8-இலும் வைத்தது. ஒரே கார்புரேட்டர் இரண்டுக்கும் பொருந்தியது இந்தத் தகட்டால்தான். உங்கள் டபுள் பம்பரில் அப்படி எதுவும் கிடையாது.

ஆகவே உங்கள் பழைய க்வாட்ராஜெட்டே இந்த எஞ்சினுக்குப் போதும். கேம் மாற்றியதற்காக ஜெட்டையும் அதற்குள் நிற்கும் மீட்டரிங் ராட் என்ற ஊசியையும் கொஞ்சம் மாற்றினால் சரி. “அது பழசு சார், குப்பை” என்று சொல்லிக் கடைக்காரர் வைத்துக்கொண்டாரா? என் கோபமெல்லாம் இதில்தான். பழையதைக் கொடுத்தால் ‘கோர்’ பணம் திருப்பித் தருவதாகச் சொல்லி ஒரு சின்னத் தொகையைக் கழித்திருப்பார். அந்தப் பழைய கார்புரேட்டர் புதுப்பிக்கும் பட்டறைக்குப் போகும். அங்கே பல வண்டிகளின் கார்புரேட்டர்களை ஒன்றாகக் கழற்றி, ஒரே தொட்டியில் ஊற வைத்து, கைக்குக் கிடைத்த பாகங்களைப் பூட்டி, பளபளப்பாகப் பெட்டியில் போடும் பட்டறைகள் நிறைய. வெளியே உங்கள் வண்டியின் எண், உள்ளே வேறெதற்கோ அளவெடுத்த ஜெட். வாரன்டியில் மாற்றித் தருவார்கள், இன்னொரு அதே மாதிரிப் பெட்டி. அம்பது வருஷம் ஒழுங்காக ஓடிய சாமானை இப்படிக் கலவைக்குக் கொடுத்துவிட்டு அதற்கு நாமே பணமும் கட்டுகிறோம்.

கடைக்குப் போய்க் கேளுங்கள். இன்னும் அங்கேயே இருந்தால், ஓட்டுநர் பக்கத்தில் உடம்பில் செங்குத்தாக அடித்திருக்கும் ஏழு இலக்க எண்ணைப் பாருங்கள். 7044 என்று தொடங்கினால் 1974-ஐச் சேர்ந்தது. உங்களுடையது என்று நம்பலாம். 170 என்று தொடங்கும் நீளமான எண் என்றால் அது 1976 அல்லது அதற்குப் பிந்தையது, வேறு யாருடையதோ. கிடைத்தால் மூன்றை மட்டும் சோதிக்கச் சொல்லுங்கள்: திராட்டில் தண்டு அதன் துளையில் ஆடுகிறதா, மேல்மூடி முறுக்கிக்கொண்டிருக்கிறதா, அடியில் உள்ள பிளக்குகள் வழியாகப் பெட்ரோல் ஒழுகுகிறதா. இரவில் பெட்ரோல் கசிந்து, காலையில் வண்டி கிளம்பத் தகராறு செய்வது பெரும்பாலும் அந்தக் கடைசிக் கோளாறுதான். உங்கள் மேனிஃபோல்டில் க்வாட்ராஜெட் உட்காரும் துளைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். டூயல் பிளேனில் பலவற்றில் இரண்டு வகைக்கும் இடம் உண்டு. இல்லையென்றால் அடாப்டர் தகடு வேண்டும்.

கிடைக்காவிட்டால் ஹோலி 1850 அல்லது எடெல்ப்ராக் 1406, இரண்டும் 600. ஹோலியின் பின் வாய்களை எஞ்சினின் உறிஞ்சலே திறக்கும். எடெல்ப்ராக்கில் எடை கட்டிய ஏர் வால்வு அதே வேலையைச் செய்யும், மின்சார சோக்கும் உண்டு. பெயர் இல்லாத நகல்களை விலையைப் பார்த்து வாங்காதீர்கள். எதை மாட்டினாலும் டர்போ 350-இன் கிக்டவுன் கேபிள் (அழுத்தி மிதித்தால் கியரை இறக்குவது) சரியாக இழுக்கிறதா என்று பாருங்கள். கியர்பாக்ஸின் வேக்கம் மாடுலேட்டர் குழாய் திராட்டில் தகட்டுக்குக் கீழே உள்ள வேக்கத்தில்தான் சேர வேண்டும். மாற்றி மாட்டினால் கியர் தாறுமாறாக விழும். பழி கார்புரேட்டர் மேல் வரும்.

600 போதுமா என்று சந்தேகம் வந்தால் கடைக்காரரைக் கேட்காதீர்கள், எஞ்சினைக் கேளுங்கள். ஹோலியின் செகண்டரி டயாஃப்ரம் கம்பியில் ஒரு பேப்பர் கிளிப்பைச் செருகி, கூட்டுக்கு ஒட்ட மேலே தள்ளி வையுங்கள். ஃப்ரீவே ஏறும் பாதையில் ஒருமுறை முழுக்க மிதித்துவிட்டு வந்து பானெட்டைத் திறந்தால், கம்பி எவ்வளவு மேலே ஏறியதோ அவ்வளவு கிளிப் இறங்கியிருக்கும். பாதிதான் இறங்கியிருக்கிறது என்றால் அந்த 600-ஐயே எஞ்சின் முழுக்கக் கேட்கவில்லை. இன்னும் உறுதி வேண்டுமானால் மேனிஃபோல்டில் ஒரு வேக்கம் கேஜை மாட்டிப் பக்கத்தில் உட்காருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். உச்ச ஆர்பிஎம்மில், முழுத் திராட்டிலில் 1.5 அங்குலத்துக்கு மேல் காட்டினால்தான் கார்புரேட்டர் சின்னது.

உங்கள் வண்டி 1974 என்பதால் கலிஃபோர்னியாவின் ஸ்மாக் செக் (புகைச் சோதனை) தொல்லை இல்லை. 30 வருடம் தாண்டிய வண்டிக்கு விலக்கு என்றிருந்த விதியை 2005-இல் நிறுத்தி, 1976-க்கு முந்தைய வண்டிகளுக்கு மட்டும் விலக்கு என்று கோடு போட்டுவிட்டார்கள். இரண்டு வருடம் பிந்திய இதே பிக்கப்பை வைத்திருப்பவர் ஒவ்வொரு பாகத்துக்கும் அனுமதி எண்ணைத் தேடி அலைகிறார். ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

அந்த 750-ஐக் கடைக்காரரிடம் மாற்றாகக் கொடுத்துவிடாதீர்கள், பாதி விலைகூடத் தரமாட்டார். சுத்தம் செய்து, கூட்டி வைத்த ஜெட்டின் எண்களை ஒரு சீட்டில் எழுதி, நேரடியாக விற்றுவிடுங்கள். நாலு கியர் கமாரோ வைத்திருக்கும் ஒருவர் அதைத் தேடிக்கொண்டிருப்பார்.