சக ஆசிரியருக்கு ஜாமீன் போட்டேன், இப்போது என் சம்பளத்தில் பிடிக்கிறார்கள்

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் ஆசிரியர்கள் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் 2021-ல் எங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவர் 5 லட்சம் கடன் வாங்கினார். நானும் இன்னொரு ஆசிரியையும் ஜாமீன் கையெழுத்துப் போட்டோம். அவர் 2024-ல் வேலையை ராஜினாமா செய்துவிட்டு ஊரை விட்டே போய்விட்டார், போனையும் எடுப்பதில்லை. கூட ஜாமீன் போட்ட டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார், சங்கமும் அவருக்கு நிலுவை இல்லை என்று சான்று கொடுத்து அனுப்பிவிட்டது. இப்போது மூன்று மாதமாக என் சம்பளத்தில் மாதம் 9,500 ரூபாய் பிடிக்கிறார்கள். எனக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை, தலைமையாசிரியருக்குத்தான் பட்டியல் வந்தது. பாக்கி 3 லட்சத்துக்கு மேல் என்கிறார்கள். கடன் வாங்கியவரை விட்டுவிட்டு என்னைப் பிடிப்பது சரியா? சிவில் கோர்ட்டில் கேஸ் போடலாம் என்கிறார் என் கணவர். சங்கத்தில் இருக்கும் என் சிக்கன சேமிப்புப் பணமாவது கிடைக்குமா?

பதில்: முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். "அவரிடம் போய் வாங்குங்கள், அப்புறம் என்னிடம் வாருங்கள்" என்ற வாதம் நிற்காது. இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 128-ன்படி கடன்காரருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. கடன் வாங்கியவரிடம் எல்லா வழியிலும் வசூலித்துப் பார்த்த பிறகுதான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்ற கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1969-லேயே பீகார் வங்கி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. சம்பளத்தில் பிடிப்பதும் கூட்டுறவுச் சட்டம் அனுமதிக்கிற ஒன்றுதான், ஆனால் அதற்கு நீங்கள் சம்மதம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பெரும்பாலும் ஜாமீன் பத்திரத்திலேயே அந்த வரியும் சேர்ந்திருக்கும், அவசரத்தில் யாரும் படிப்பதில்லை.

அதற்காக சங்கம் கேட்கிற தொகையையெல்லாம் தலைகுனிந்து கட்டிவிடாதீர்கள். உங்கள் பொறுப்பு நீங்கள் கையெழுத்துப் போட்ட கடனுக்கு மட்டும்தான், இந்த வழக்கே அதில்தான் இருக்கிறது.

சிக்கன நாணயச் சங்கங்களில் நடக்கிற வழக்கமான ஒரு விஷயம் உண்டு, உங்களுக்கே தெரிந்திருக்கும். பாதிக் கடன் கட்டி முடித்ததும் பழைய பாக்கியை நேர் செய்துவிட்டு அதே உறுப்பினருக்குப் பெரிய தொகையாகப் புதுக் கடன் கொடுப்பார்கள், மீதிதான் கைக்கு வரும். உங்கள் சக ஆசிரியர் 2021-க்கும் 2024-க்கும் நடுவில் அப்படி ஒரு புதுக் கடன் வாங்கியிருந்தால் நீங்கள் ஜாமீன் போட்ட 2021 கடன் அன்றைக்கே முடிந்துபோனது. புதுப் பத்திரத்தில் உங்கள் கையெழுத்து இல்லையென்றால் உங்கள் சம்பளத்தைத் தொட சங்கத்துக்கு எந்த அதிகாரமும் கிடையாது. புதுக் கடன் இல்லாமல், உங்களைக் கேட்காமலே வட்டியையோ நிபந்தனைகளையோ மாற்றியிருந்தாலும் பிரிவு 133 உங்களுக்குத் துணை நிற்கும்: அந்த மாற்றத்துக்குப் பிந்தைய நடவடிக்கைகளுக்கு ஜாமீன்தாரர் பொறுப்பில்லை. ஆகவே முதல் வேலை, அந்தக் கடனின் பத்திரம், ஜாமீன் பத்திரம், கணக்குப் பேரேட்டின் நகல் மூன்றையும் வாங்குவது.

அடுத்தது கடன் வாங்கியவருடைய சொந்தப் பணம். ஒவ்வொரு உறுப்பினருக்கும் சங்கத்தில் பங்குத் தொகையும் சிக்கன சேமிப்பும் இருக்கும், அவருக்கும் இருந்திருக்கும், பல வருடம் வேலை பார்த்தவர் என்றால் அது சின்னத் தொகை இல்லை. அதை முதலில் கடனில் வரவு வைத்தார்களா, இல்லை ராஜினாமா செய்தபோது எடுத்துக்கொண்டு போக விட்டார்களா? கடன் கொடுத்தவர் அந்தக் கடனுக்குப் பிணையாகத் தன் கையில் இருந்ததை உங்கள் சம்மதமில்லாமல் விட்டுக்கொடுத்தால் அந்த மதிப்பு வரைக்கும் ஜாமீன்தாரர் விடுபடுகிறார் என்கிறது பிரிவு 141. அவருடைய பணப்பலன்களைத் தருவதற்கு முன் பள்ளி நிர்வாகம் சங்கத்திடம் நிலுவையின்மைச் சான்று கேட்டதா, சங்கம் என்ன பதில் எழுதியது என்பதையும் விடாமல் கேளுங்கள். என் அனுபவத்தில் இந்த மாதிரி வழக்குகளில் சங்கம் பதில் சொல்ல முடியாமல் திணறுவது இந்த இடத்தில்தான். கடன்காரர் கண்ணெதிரே வேலையில் இருந்தவரை பேசாமல் இருந்துவிட்டு, அவர் போன பிறகு பிடிக்க எளிதாக இருக்கிற பெண்ணின் சம்பளத்தில் கை வைப்பது எனக்கு மிகுந்த கோபத்தைத் தருகிறது, இதை நான் மறைக்க விரும்பவில்லை. மத்தியக் கூட்டுறவு வங்கியிடம் கடன் வாங்கித்தான் சங்கங்கள் பணம் புரட்டுகின்றன, வசூல் நெருக்கடி அவர்களுக்கும் உண்டு என்பதெல்லாம் உண்மைதான். அதற்காக உறுப்பினருக்கு ஒரு வரி கடிதம் எழுதாமல் பட்டியலை அனுப்பலாம் என்றாகிவிடாது.

சரி, ஆவணங்களை எப்படி வாங்குவது? நீங்கள் அந்தச் சங்கத்தின் உறுப்பினர், அதாவது அதன் உரிமையாளர்களில் ஒருவர். செயலாளருக்கு ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் எழுதுங்கள், நேரில் போய் வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வராதீர்கள். அதே கடிதத்தில், எந்த ஆவணத்தின் பேரில் என் சம்பளத்தில் பிடித்தம் செய்கிறீர்கள் என்றும் கேளுங்கள், நகலைத் தலைமையாசிரியருக்கும் கொடுங்கள். சங்கம் தரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்று நினைப்பீர்கள். கூட்டுறவுச் சங்கங்கள் பொதுவாக அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2013-ல் கேரளாவின் தலப்பாலம் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அதே தீர்ப்பு, கூட்டுறவுச் சங்கங்களைக் கண்காணிக்கும் அரசு அதிகாரியான பதிவாளர் ஒரு பொது அதிகார அமைப்பு, கூட்டுறவுச் சட்டப்படி சங்கத்திடமிருந்து அவர் பெறக்கூடிய தகவலை மனுதாரருக்குத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. எனவே மனுவைச் சங்கத்துக்கு அல்ல, உங்கள் சரகத் துணைப் பதிவாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் போடுங்கள்.

உங்கள் கணவர் சொல்கிற சிவில் கோர்ட் சங்கத்துக்கு எதிரான இந்தத் தகராறில் பலன் தராது. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983, பிரிவு 156 சிவில் நீதிமன்றங்களின் அதிகாரத்தைத் தடுக்கிறது, வழக்கைப் போட்டுவிட்டு இரண்டு வருடம் கழித்து "இங்கே விசாரிக்க முடியாது" என்ற உத்தரவோடு திரும்ப வேண்டியிருக்கும். சரியான வழி அதே சட்டத்தின் பிரிவு 90, நம் பேச்சு வழக்கில் தாவா என்பது. சங்கத்துக்கும் உறுப்பினருக்கும் இடையிலான தகராறைப் பதிவாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ விசாரித்துத் தீர்ப்பார். சங்கம்தான் தாவா போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், உறுப்பினரும் போடலாம். மனுவில் கடன்காரரையும் ஓய்வு பெற்ற டீச்சரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்துவிடுங்கள். விசாரணை முடியும்வரை பிடித்தத்தை நிறுத்தி வைக்க இடைக்கால உத்தரவும் கேளுங்கள். தீர்ப்பு பாதகமாக வந்தால் பிரிவு 152-ன் கீழ் கூட்டுறவுத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு உண்டு, அதற்குக் காலவரையறை இருப்பதால் உத்தரவு நகல் கைக்கு வந்ததுமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

சிக்கன சேமிப்பைப் பற்றி. ஜாமீன் பொறுப்பு நிலுவையில் இருக்கும்போது உறுப்பினர் பதவியிலிருந்து விலகி முழுப் பணத்தையும் எடுக்கச் சங்கங்கள் பொதுவாக விடுவதில்லை, துணை விதிகளில் அப்படித்தான் எழுதி வைத்திருப்பார்கள், ஒரு பிரதி வாங்கிப் படியுங்கள். பொறுப்பு தீர்ந்த பிறகும் தராமல் இழுத்தடித்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பிரிவு 90 இருக்கிறது என்பதற்காக நுகர்வோர் மன்றத்தின் கதவு மூடப்படாது என்று நம் தமிழ்நாட்டுத் திருமுருகன் கூட்டுறவு வேளாண்மைக் கடன் சங்க வழக்கில் 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் போடலாம், காலம் 2 ஆண்டு. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள், வங்கி டெபாசிட்டுக்கு இருக்கிற 5 லட்ச ரூபாய் காப்பீடு சிக்கன நாணயச் சங்கப் பணத்துக்குக் கிடையாது, ஏனென்றால் அது வங்கி இல்லை. கூடுதல் வட்டி என்று சொல்லி ஓய்வுக்காலப் பணத்தை மொத்தமாக அங்கே போடச் சொன்னால் யோசியுங்கள்.

கட்டிய பணம் திரும்ப வருமா என்று நீங்கள் கேட்கவே இல்லை. வரும். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 145-ன்படி ஜாமீன்தாரர் நியாயமாகக் கட்டிய தொகையைக் கடன்காரர் ஈடு செய்தே ஆக வேண்டும், நீங்கள் செலுத்திய நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் அவர் மேல் வழக்குப் போடலாம். இந்த வழக்குக்குச் சிவில் கோர்ட்டைப் பயன்படுத்தலாம், கணவரிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு மாதச் சம்பளப் பட்டியலையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் சாட்சி. ஓய்வு பெற்ற டீச்சருக்குச் சங்கம் சான்று கொடுத்ததால் அவர் தப்பிவிட்டார் என்றும் எண்ண வேண்டாம். ஒரு ஜாமீன்தாரரைக் கடன் கொடுத்தவர் விடுவித்தாலும், மற்ற ஜாமீன்தாரருக்கு அவர் தர வேண்டிய பங்கு தீராது என்பது அதே ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 138. பிரிவு 146-ன்படி இருவரும் சமமாகத் தாங்க வேண்டும், உங்கள் பங்குக்கு மேல் நீங்கள் கட்டுவதை அவரிடம் கேட்கலாம். பழகிய மனுஷியிடம் கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனாலும் தாவா போடும் முன் ஒருமுறை நேரில் பேசிப் பாருங்கள், அவரும் பாதியை ஏற்றுக்கொண்டால் உங்கள் இருவருக்குமே செலவு மிச்சம்.

கடைசியாக, "மாதாமாதம் பிடிப்பதற்குப் பதில் உங்கள் பெயரில் ஒரு கடன் போட்டு அவர் கணக்கை முடித்துவிடுவோம், வட்டியும் குறையும்" என்று சங்கத்தில் யாராவது யோசனை சொல்லலாம், சொல்வார்கள். தாவா முடியும்வரை அதற்குச் சம்மதிக்க வேண்டாம். இன்று நீங்கள் ஜாமீன்தாரர், சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கிற எதிர்வாதங்கள் எல்லாம் அந்த நிலையில்தான் இருக்கின்றன. புதுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் நீங்களே கடன்காரர், அதன் பிறகு சங்கத்திடம் அவருடைய பங்குத் தொகை எங்கே போனது என்று கேட்க உங்களுக்கு இடமே இருக்காது.