'ரசிகர் லைசென்ஸ்' வாங்கித் தருகிறேன் என்பவரிடம் ஏமாறாதீர்கள்

கேள்வி: பழைய விண்வெளித் தொடர் ஒன்றில், பொன்னிறச் சல்லடை மூடியைச் சட்டென்று விரித்துப் பேசுவார்களே, அந்தக் கையடக்கக் கருவி போலவே திறக்கும் போன் கவர் ஒன்றை வடிவமைத்து, த்ரீ-டி பிரிண்டில் மாதிரியும் எடுத்துவிட்டேன். பார்த்த ரசிகர்கள் எல்லோரும் விலைக்குக் கேட்கிறார்கள். 30 சதவீதம் மாற்றிவிட்டால் சட்டச் சிக்கல் வராது என்கிறார் நண்பர். 'ரசிகர் லைசென்ஸ்' சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்லி ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் அடுத்த தவணையை நிறுத்துங்கள்.

இந்தச் சான்றிதழ்களை நானும் பார்த்திருக்கிறேன். பொன் பார்டர், பளபளக்கும் ஹோலோகிராம் ஸ்டிக்கர், வரிசை எண் எல்லாம் பக்காவாக இருக்கும். உரிமையாளர் சார்பில் கையெழுத்துப் போட்டது யார், எந்தப் பொருளுக்கு, எந்தெந்த நாடுகளில், எந்தத் தேதி வரை என்ற நான்கு விவரங்கள் மட்டும் இருக்காது. அவை இல்லாத தாள் லைசென்ஸ் ஆகாது. உண்மையான லைசென்ஸ் என்பது பல பக்க ஒப்பந்தம். விற்பனையில் இத்தனை சதவீதம் ராயல்டி என்பார்கள். விற்றாலும் விற்காவிட்டாலும் குறைந்தபட்சத் தொகை ஒன்றைக் கட்டச் சொல்வார்கள். மாதிரியை அனுப்பி ஒப்புதல் வாங்காமல் ஒரு கவர்கூட வெளியே போகக் கூடாது என்பார்கள்.

இந்தச் சான்றிதழ் வியாபாரிகளுக்கு இரண்டு சகோதரர்கள் உண்டு. ஒருவர், 'வணிக உரிமையோடு' த்ரீ-டி கோப்பு விற்பவர். அந்தக் கருவியின் வடிவம் அவருக்கே சொந்தமில்லை, பிறகு உங்களுக்கு எந்த உரிமையை விற்கிறார்? இன்னொருவர், 'எங்களிடம் லைசென்ஸ் இருக்கிறது, கவலைப்படாமல் ஆர்டர் கொடுங்கள்' என்னும் தயாரிப்பாளர். அது நிஜமாகவே இருந்தாலும் அவர் சரக்குக்குத்தான். உங்கள் வடிவமைப்பு அதில் தானாக அடங்கிவிடாது.

30 சதவீதக் கதைக்கு வருவோம். எதில் 30? நீளத்திலா, நிறத்திலா, திருகாணியிலா? எந்தச் சட்டத்திலும் அப்படி ஒரு கணக்கு இல்லை. தனித்து அடையாளம் காட்டும் அம்சங்களை எடுத்திருக்கிறீர்களா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். உங்கள் கவரைப் பார்த்ததும் ரசிகர் துள்ளுகிறார் அல்லவா, அந்தத் துள்ளலே எதிர்த்தரப்புக்குச் சாட்சி. பேட்மேனின் காரை அச்சு அசலாகச் செய்து ரசிகர்களுக்கு விற்றவர் மீதான வழக்கில், 2015-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் காரையே பதிப்புரிமை உள்ள ஒரு பாத்திரமாக ஏற்றுக்கொண்டது. காருக்கு உண்டென்றால் கையடக்கக் கருவிக்கும் கேட்கத்தான் செய்வார்கள்.

'உரிமை மீறும் எண்ணமில்லை' என்று பெட்டியில் அச்சடிப்பதும் வீண். தெரிந்தேதான் செய்தீர்கள் என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். தொடரின் பெயரை விற்பனைத் தலைப்பிலோ ஹேஷ்டேகிலோ போடாதீர்கள், அது டிரேட்மார்க் விவகாரம். 2009-இல் 'டிராய்ட்' என்ற பெயரில் போன் வெளியிட்ட பெரிய நிறுவனங்களே அந்த ஒரு சொல்லுக்கு, ஸ்டார் வார்ஸ் படங்களை எடுத்த லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்திடம் லைசென்ஸ் வாங்கின.

இந்த இடத்தில் யாராவது ஹெல்மெட் வழக்கைக் காட்டி உங்களைக் குழப்புவார்கள், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஸ்டார் வார்ஸ் முதல் படத்துக்கு வெள்ளைக் கவச வீரர்களின் ஹெல்மெட்டை வார்த்துக் கொடுத்த கைவினைஞர், பல ஆண்டுகள் கழித்து அதே ஹெல்மெட்டைச் செய்து விற்றார். லூகாஸ்ஃபிலிம் வழக்குப் போட்டது. 2011-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், அது சிற்பம் அல்ல, படப்பிடிப்பில் ஒரு பயனுக்காகச் செய்த பொருள், எனவே சிற்பத்துக்கான பதிப்புரிமை இதற்குக் கிடையாது என்றது. 'பார்த்தீர்களா, ஜெயித்துவிட்டார்' என்பார்கள். தீர்ப்பின் மறுபாதியைச் சொல்ல மாட்டார்கள். அமெரிக்காவுக்கு விற்றதற்காக, அமெரிக்கப் பதிப்புரிமையை மீறினார் என்ற வழக்கை பிரிட்டன் நீதிமன்றத்திலேயே நடத்தலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அதோடு, அவர் வென்றது அந்த நாட்டுச் சட்டத்தின் சில தனிப் பிரிவுகளால். அவற்றில் ஒன்றை 2016-இல் நீக்கியும் விட்டார்கள். நீங்களோ இணையத்தில் விற்கப் போகிறீர்கள், ஆர்டர் எந்த நாட்டிலிருந்தும் வரும். அந்த ஹெல்மெட் உங்கள் தலைக்குப் பொருந்தாது.

சரி, மாதிரியைத் தூக்கிப் போட வேண்டுமா? வேண்டாம். மணிக்கட்டை உதறினால் மூடி விரிவது ஒரு யோசனை. யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது. அந்த உதறலையும், 'டக்' என்று மூடும் கீலின் இறுக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். பொன்னிறச் சல்லடை, விளக்குகளின் வரிசை, உடலின் வெளிக்கோடு ஆகிய மூன்றையும் உங்கள் கற்பனையில் புதிதாக வரையுங்கள். தொடரில் வரும் அந்தக் கீச்சொலியைப் பதிவு செய்து சில்லில் ஏற்றாதீர்கள். ஒலிப்பதிவுக்கும் உரிமையாளர் உண்டு.

சல்லடையை விடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. போனின் ஆன்டெனாக்கள் பெரும்பாலும் விளிம்புகளில், குறிப்பாக மேலும் கீழும் இருக்கும். சல்லடைக்கென வைக்கும் பித்தளைத் தகடு அங்கே வந்து படிந்தால் சிக்னல் இறங்கும். சிக்னலைப் பிடிக்க போன் கூடுதல் சக்தியைச் செலவழிக்கும், பேட்டரி சீக்கிரம் தீரும். வயர்லெஸ் சார்ஜரில் வைத்தால் தகடே சூடாகும். உலோகப் பளபளப்பு வேண்டுமென்றால் பிளாஸ்டிக்கின் மேல் மின்சாரம் கடத்தாத வெற்றிடப் பூச்சு (காற்றில்லாத அறையில் மெல்லிசாகப் படியவைக்கும் உலோகப் பூச்சு) கொடுக்கச் சொல்லுங்கள். மூடியை இழுத்துப் பிடிக்கும் காந்தத்தைக் கேமராவை விட்டுத் தள்ளி வையுங்கள், நடுக்கம் தடுக்கும் லென்ஸ் அமைப்பும் திசைகாட்டியும் அதனால் தடுமாறும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களுக்குக் காந்த எச்சரிக்கையைப் பெட்டியிலேயே அச்சிடுங்கள்.

ஸ்டூடியோவிடமே நேரடியாக லைசென்ஸ் கேட்டால் என்ன என்பீர்கள். கேளுங்கள். சில ஆண்டு வரவுசெலவுக் கணக்கு, எத்தனை கடைகளில் விற்பனை, ஆண்டு விற்பனை மதிப்பு என்று படிவம் நீளும். இருநூறு கவர் செய்கிறவருக்கு அதில் ஒரு கட்டம் கிடையாது. ஆனால் அதே இருநூறு கவரின் விற்பனைப் பக்கத்தை முடக்க மட்டும் தானியங்கி ஏற்பாடு தயாராக இருக்கும். இந்த இடைவெளியில்தான் சான்றிதழ் வியாபாரிகள் கடை விரிக்கிறார்கள். ஆண்டுக் கணக்காக இதைச் சொல்லி வருகிறோம், வாசலைக் கொஞ்சம் அகலப்படுத்த யாருக்கும் மனம் வரவில்லை.

அந்த ஏஜென்ட்டுக்கு மேலே சொன்ன நான்கு விவரங்களையும் கேட்டு ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதிலில் விவரத்துக்குப் பதிலாக வங்கிக் கணக்கு எண் வந்தால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். மாற்றிய வடிவத்துக்கு மோல்டு செய்யக் கொடுக்கும்போது, மோல்டு எனக்கே சொந்தம், கேட்டால் திருப்பித் தர வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே பணம் கொடுங்கள்.