பத்து நிமிடத்தில் எழுந்து போனால் எப்படி?

கேள்வி: போன இதழில் 'அயர்ன் மெய்டன்' என்ற ஆங்கில ஹெவி மெட்டல் ராக் குழுவின் கச்சேரி வீடியோவுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். என் மகன் அதைத் தேடிப் பிடித்து வீட்டில் போட்டான். பத்து நிமிடம் பார்த்தேன். காதைக் கிழிக்கும் கூச்சல், மேடையெல்லாம் பேய் பொம்மை. இது சங்கீதமா? பிடித்தவர்கள் நேரில் போய்க் கேட்கட்டும், வீடியோ எதற்கு?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: தோடி ஆலாபனையின் நடுவில் பத்தாவது நிமிடம் எழுந்து போனவர் 'ஒரே இழுவை' என்று எழுதினால் நீங்கள் ஒத்துக்கொள்வீர்களா? மாட்டீர்கள். நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நாங்கள் எழுதியது 'லைவ் ஆஃப்டர் டெத்' பற்றி. 1985 மார்ச்சில் கலிபோர்னியாவின் லாங் பீச் அரங்கில் படமாக்கியது. அதே வருடம் வீடியோ கேசட்டாக வந்தது, 2008-ல் டிவிடி ஆனது. 1984 ஆகஸ்டில் போலந்தில் தொடங்கி, ஏழு மாதம் ஊர் ஊராக வாசித்துவிட்டு அந்த மேடையில் ஏறியிருக்கிறார்கள். ஒரு கை கூடத் தளரவில்லை.

கூச்சல் என்கிறீர்கள். மறுபடி போட்டு, ஸ்டீவ் ஹாரிஸின் வலது கையை மட்டும் பாருங்கள். பாஸ் கிதாரை, மீட்டும் வில்லை (பிக்) இல்லாமல் வெறும் விரலால் மீட்டுகிறார். தா-தக தா-தக என்று குதிரை ஓடுகிற நடை, பாட்டு முழுக்க. டிரம்ஸ் வாசிக்கும் நிக்கோ மெக்பிரெய்ன் காலால் அடிக்கும் பாஸ் டிரம்முக்கு ஒற்றைப் பெடல்தான் வைத்திருப்பார். அந்த வேகமெல்லாம் ஒரே காலில் வருகிறது. மிருதங்கம் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர் நீங்கள், இது உங்களுக்குப் பிடிபடாமல் போகாது. அரங்கில் ஆயிரக்கணக்கான தலைகளுக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு இந்த விரல் தெரியுமா? வீடியோ அதற்குத்தான்.

அந்தப் 'பேய் பொம்மை'யின் பெயர் எட்டி, குழுவின் அடையாளச் சின்னம். அந்தக் கச்சேரிப் பயணமே 'பவர்ஸ்லேவ்' ஆல்பத்துக்காகத்தான். அதன் தலைப்புப் பாட்டு, தன்னைக் கடவுள் என்று நம்பிய எகிப்து மன்னன் சாவுக்கு அஞ்சுவதைப் பற்றியது. அதனால்தான் மேடை எகிப்து, எட்டி மம்மி.

நேரில் போகலாமே என்கிறீர்கள். 1975-ல் தொடங்கிய குழு இது. இந்தியாவில் முதல் முறை வாசித்தது 2007 மார்ச் 17, பெங்களூர் அரண்மனை மைதானத்தில். இடையில் 32 வருடம்! அத்தனை காலமும் இங்கே இருந்தவர்களுக்குக் கேசட்டை விட்டால் வேறு கதி ஏது? நான் முதலில் பார்த்தது ஒரு நண்பர் வீட்டில், காப்பிக்குக் காப்பி எடுத்துக் கோடு விழுந்த கேசட்டில். படம் ஆட ஆட, ஒருவர் வீடியோ டெக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, படத்தைச் சரிசெய்யும் டிராக்கிங் குமிழைத் திருகிக்கொண்டிருப்பார். அப்படியும் ஒருவரும் எழுந்து போகவில்லை.

அப்புறம், அதில் 13 நிமிடம் ஓடும் ஒரு பாட்டு இருக்கிறது. கோல்ரிட்ஜ் என்ற ஆங்கிலக் கவிஞர் 1798-ல் வெளியிட்ட மாலுமிக் கவிதையை வைத்துச் செய்தது. காற்று நின்று கப்பல் அசையாமல் கிடக்கிற இடத்தில் பாட்டும் அடங்கிப்போகும். மரம் முனகுகிற சத்தம், அடியில் பாஸ், மேலே மெல்லப் பேசும் குரல், அவ்வளவுதான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எழும்பும். மகனை அந்தப் பாட்டைப் போடச் சொல்லி, கூடவே உட்கார்ந்து கேளுங்கள். அதன் பிறகும் கூச்சல்தான் என்றால் எழுதுங்கள், கட்டாயம் பிரசுரிக்கிறேன்.